கிழக்கு முன்சக்கரம்

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு லாரியில் வந்தது. சிவப்பு என்று சொல்லியிருந்தார்கள். நான் பார்த்தபோது பாதி துரு நிறம், மீதி காக்கை எச்ச நிறம். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். கூரை துணியால் ஆனது, வேண்டும்போது மடக்கிக்கொள்ளலாம். துணியை எலி தின்று முடித்திருந்ததால் மடக்கும் வேலை மிச்சம். லாரி டிரைவர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இங்கே இறக்கவா, இல்லை போகிற வழியில் பழைய இரும்புக் கடையில் இறக்கிவிடவா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா காரையும் ஆட்டுக் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

காரின் சொந்தக்காரர் கடையநல்லூர் பாய். வளைகுடாவில் வேலை, வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. குற்றாலத்துப் பக்கம் ஒரு பங்களாவில் மரத்தடியில் கிடந்ததை ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். நான் அப்போது சங்கரன்கோவிலில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள் என்று எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் மேசையில் உட்காரவைத்து, எந்த வண்டி என்ன கோளாறோடு வந்தது என்று தட்டச்சு செய்யச் சொன்னார்கள். ஒருநாள் மெக்கானிக்குகள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பாயின் பழைய வேன் வாசலில் நின்றுபோனது. நான் எழுந்துபோய் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதிலிருந்து அவர் வந்தால், அந்தப் புள்ள எங்க என்றுதான் கேட்பார். இந்தக் காரை வாங்கியதும் என்னிடம் கேட்டார். யோசிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "அடுத்த லீவுக்கு நான் வரும்போது வண்டி கடையநல்லூருக்கு அதுவா ஓடி வரணும் மக்கா. லாரியில ஏத்துற மாதிரி இருந்தா நேரா கோயம்புத்தூர் பட்டறைக்கு ஏத்திருவேன். வருத்தப்படக் கூடாது."

பட்டறை முதலாளி என் ராஜினாமாவைச் சிரித்துக்கொண்டே வாங்கினார். போயிட்டு வா, மேசை இங்கனதான் கிடக்கும் என்றார். ஆக, கார் ஓடினால் நான் மெக்கானிக். ஓடாவிட்டால் மேசை.

எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. ரேஷன் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் முதன்முதலாகப் படித்துச் சொன்னவள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். பாய் போனில் அனுப்பியிருந்த, இந்தக் காரின் ஆங்கில ரிப்பேர்ப் புத்தகத்தை நான் சத்தம் போட்டு வாசித்து அர்த்தம் சொல்லும்போது அம்மா வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்காகவே சில பக்கங்களைத் தேவையில்லாமலும் வாசித்திருக்கிறேன்.

கார் நின்றது ஆட்டுக் கொட்டகையில். ஆடுகள் முற்றத்து வெயிலுக்குப் போயின. "ஓடாத வண்டி நிழல்ல, ஓடுத ஆடு வெயில்ல" என்று அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். ஆட்டுக் குளம்பில் ஏறிய முள்ளை எடுத்துப் பழகிய விரல்கள் அவளுக்கு. நட்டு கழலாமல் இருக்க மாட்டும் ஸ்பிளிட் பின்னைப் பார்த்ததும், கொண்டை ஊசிதானே என்று சொல்லி உருவிக் கையில் கொடுத்தாள். நான் அரைமணி நேரமாகக் குறடோடு மல்லுக்கட்டியது அதோடுதான். பித்தளைச் சாமான்களைப் புளிபோட்டுத் துலக்கினாள். எலிக்கூட்டை அள்ளும்போது மட்டும், இந்தப் பங்களாக்காரன் பஞ்சு நம்ம வீட்டுத் தலையணைப் பஞ்சைவிட நல்லாருக்கு என்றாள்.

எங்களுக்குள் சிக்கல் இடது வலதில்தான் வந்தது. எங்கள் வீட்டில் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. சோத்தாங்கை, பீச்சாங்கை என்பதுகூடக் கைக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் திசை. உப்பு வடக்க இருக்கு, கொஞ்சம் மேக்க தள்ளிப் படு, கிழக்க உள்ள பல்லு வலிக்குது, இப்படித்தான் பேச்சு. நான் புத்தகத்தைப் பார்த்து, இடது பக்கத்து போல்ட்டைப் பிடி என்றால் அம்மா என்னையே பார்ப்பாள். கிழக்கா மேக்கா என்று கேட்பாள். கார் வடக்கே பார்த்து நின்றது. அதனால் வலது என்றால் கிழக்கு, இடது என்றால் மேற்கு என்று மனதுக்குள் மாற்றிச் சொல்லப் பழகிக்கொண்டேன். வேலை ஓடியது.

இந்தக் காரின் சக்கரங்களில் ஒரு விசேஷம் உண்டு. சைக்கிள் மாதிரிக் கம்பிச் சக்கரம். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதற்கு இரண்டு பக்கமும் காது நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பானர் வேண்டாம், கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் மேல் காதில் தட்டியே கழற்ற வேண்டும், தட்டியே இறுக்க வேண்டும். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நான்கையும் அவளே கழற்றினாள். "எல்லாத்தையும் வடக்க தட்டினாக் கழலுது" என்றாள்.

அடுத்ததாக முன்சக்கரங்களைத் தாங்கும் ஹப் இரண்டையும் பேரிங் பார்ப்பதற்காக எடுத்தோம். அம்மா ஒவ்வொன்றாக உருவி அதன் நட்டோடு சேர்த்துத் தந்தாள். இது கிழக்க உள்ளது, இது மேக்க உள்ளது என்றாள். நான் ஒரு துண்டு அட்டையில் 'கி' என்றும் இன்னொன்றில் 'மே' என்றும் எழுதிக் கட்டி அலமாரியில் வைத்தேன். மற்ற சாமான்கள் எல்லாவற்றுக்கும் புத்தகத்தின்படி 'இ', 'வ' என்றுதான் எழுதியிருந்தேன். இந்த இரண்டுக்கு மட்டும் ஏன் அப்படி எழுதினேன் என்றால், அந்த வீட்டில் பிறந்தவள்தானே, காதில் விழுந்ததைக் கை எழுதிவிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கொட்டகையின் வடகோடியில் தகரம் ஒழுகி, நேராகக் காரின் முன்பக்கத்தில் சொட்டியது. என்ஜினைக் கழற்றி வைத்திருந்ததால் கார் லேசாக இருந்தது. அப்பா அக்கம்பக்கத்தில் நான்கு பேரைக் கூட்டிவந்தார். முன்பக்கத்தை ஒரு தள்ளுவண்டியிலும் பின்பக்கத்தை இன்னொன்றிலும் தூக்கிவைத்து, தெருமுனையில் சப்பரம் திருப்புகிற மாதிரி ஆளுக்கொரு சத்தம் போட்டுக் காரைத் திருப்பி நிறுத்தினார்கள். இப்போது கார் தெற்கே பார்த்தது. எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

தை, மாசி, பங்குனி எல்லாம் என்ஜினோடு போனது. முதல்முறை ஸ்டார்ட் ஆன அன்று சைலன்சரிலிருந்து வந்த சத்தத்தில் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அப்பா அவற்றைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். இன்னொரு தடவை போடு, கேப்போம் என்றார். துணிக்கூரை தைத்து வந்தது, பெயிண்ட் அடித்தாயிற்று. உண்மையிலேயே சிவப்புதான். கடைசியாக அந்த இரண்டு ஹப்பையும் கிரீஸ் வைத்து, அட்டையைப் பார்த்து, 'கி'யைக் கிழக்கிலும் 'மே'யை மேற்கிலும் மாட்டினேன். பிறகு நான்கு சக்கரங்கள். நட்டு இறுக்கும் வேலை அம்மாவுக்கு.

தட்டிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். "ஏட்டி, முன்ன உள்ளது ரெண்டும் தெக்க தட்டினா இறுகுது. பின்ன உள்ளது ரெண்டும் வடக்க தட்டினா இறுகுது. ஒரு வண்டிக்கு ரெண்டு புத்தியா?"

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன். இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

பாய் லீவில் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டில் இருப்பேன், கொண்டா என்று போன் வந்தது. புதன்கிழமை காலை பனவடலிசத்திரம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். பக்கத்து இருக்கையில் அம்மா, மடியில் கொட்டாப்புளி. காற்றாலைகளுக்கு நடுவே கூரையைத் திறந்துகொண்டு போனோம். அம்மா தலைமுடியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரையும் மறு கையால் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, எல்லாரும் பாக்காங்கல்ல என்றாள்.

கொஞ்ச தூரத்தில் முன்பக்கம் டக் டக் என்று சத்தம் வந்தது. இறங்கிப் பார்த்தால், கிழக்குப் பக்கத்து முன்சக்கர நட்டு கையாலேயே சுற்றுகிறது. மற்றப் பக்கமும் அப்படியே. பின்னால் இரண்டும் கல் மாதிரி இருந்தன. தட்டி இறுக்கிக்கொண்டு மெதுவாக வீடு வந்தோம். பழையபடி தெற்கே பார்த்து நிறுத்திவிட்டுப் பார்த்தால் முன்னால் இரண்டும் மறுபடி இளகியிருந்தன.

நட்டுக்குள் இருக்கும் திருகு மரை தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். புது நட்டு இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும். கையில் இருப்பது இரண்டு நாள். ஓடும்போது சக்கரம் கழன்றால் யார் உயிரோ போகும். பாய்க்குச் சொல்லிவிட வேண்டும், லாரி அனுப்பச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். அவர் நம்பரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பட்டறை மேசையில் தூசி தட்டுகிற துணி எந்த இழுப்பறையில் இருக்கும் என்பதுகூட ஞாபகம் வந்தது.

அம்மா பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன். பின்ன உள்ளது ரெண்டும்தான் தப்பா இருக்கு. முன்ன உள்ளது சரியாத்தான் இருக்கு. அப்பமும் வடக்க தட்டினாக் கழண்டுச்சு, இப்பமும் வடக்க தட்டினாக் கழலுது."

கழலுவது முன்சக்கரம், இவள் பின்சக்கரத்தைக் குற்றம் சொல்கிறாளே என்று எரிச்சலோடு வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டேன். அப்போது கார் வடக்கே பார்த்து நின்றது. இப்போது தெற்கே பார்த்து நிற்கிறது. கார் திரும்பினால் எல்லா நட்டும் அதோடு சேர்ந்து திசை மாற வேண்டும். பின்னால் இரண்டும் மாறியிருக்கின்றன. முன்னால் இரண்டும் மாறவில்லை என்றால், அவை காரோடு திரும்பவில்லை. அவை அலமாரியில் இருந்தன, அட்டை கட்டிக்கொண்டு. அப்போது கிழக்கு என்றால் வலது, இப்போது கிழக்கு என்றால் இடது.

இப்போதுதான் புத்தகத்தைத் திறந்தேன். கார் முன்னோக்கி ஓட ஓட நட்டு தானாக இறுக வேண்டும் என்பதற்காக, இடது ஹப்புக்கு ஒரு மரையும் வலது ஹப்புக்கு எதிர் மரையும் வெட்டியிருப்பார்கள். பக்கம் மாறினால் ஓட ஓடக் கழலும். தடித்த எழுத்தில், தனிக் கட்டத்துக்குள் போட்டிருந்தது. அம்மாவிடம் பெருமைக்கு வாசித்துக் காட்டிய பக்கங்களில் இது இல்லை.

நான் சிரித்த சிரிப்பில் அப்பா வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. "அப்பம் திசை மாறல. வண்டிதான் மாறியிருக்கு" என்றார். அதேதான் என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு ஹப்பையும் இடம் மாற்றினோம். வியாழக்கிழமை அதே ரோட்டில் போய்வந்தோம். நான்கு நட்டும் அசையவில்லை. அம்மாவுக்கு மட்டும் சமாதானமில்லை. முன்னால் இருந்த சரியையும் தப்பாக்கிவிட்டேன் என்றே நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை புளியங்குடி வழியாகப் போனோம். மூன்று இடத்தில் நிறுத்தி நட்டைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று இடத்திலும் கூட்டம் கூடியது. ஒரு பெரியவர், பாதி வண்டிதான் செஞ்சிருக்கியளா, பின்சீட்டு எங்க என்று கேட்டார்.

பாய் வாசலிலேயே நின்றார். கார் தெருவுக்குள் திரும்பியதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நடந்து வந்தார். பானெட்டில் கையை வைத்தார். அவருடைய வீட்டம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து சர்பத் கொடுத்தார். நட்டு விஷயத்தை எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பாதி டம்ளர் குடித்த அம்மா, வண்டி எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாய், சக்கரம்தான் கொஞ்சம் தப்பா மாட்டிட்டா, நான்தான் கண்டுபிடிச்சேன் என்று ஆரம்பித்துவிட்டாள்.

பாய் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நடந்ததை முழுதாகச் சொன்னேன். அட்டையில் 'கி' எழுதியதையும் சொன்னேன். அவர் முகம் மாறாமல் எழுந்தார். வாசலுக்கு வந்து, எல்லாச் சக்கரத்தையும் கழற்றி என் முன்னாலேயே மாட்டு என்றார். தெருவே பார்த்தது. ஜாக்கி வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன், மாட்டினேன். எந்தப் பக்கம் தட்டினால் இறுகும், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே தட்டினேன். நான்காவதை முடித்தபோது கொட்டாப்புளியை அவர் வாங்கி, முன்சக்கரத்து நட்டை அவரே ஒரு தட்டுத் தட்டினார்.

"எங்க உம்மாவும் இப்படித்தான். மேக்க உள்ள கரண்டிய எடுன்னுதான் சொல்லுவா. எடுக்கத் தெரியாம எம்புட்டு ஏச்சு வாங்கியிருக்கேன்" என்றார். அப்புறம்தான் சிரித்தார். சிரித்து முடிந்ததும் சொன்னார்: "நான் வருசத்துக்கு ஒரு மாசம்தான் இங்கன இருப்பேன். மிச்ச மாசமெல்லாம் பூட்டிப்போட்டா மறுபடி எலிதான் குடியேறும். லீவு முடிஞ்சதும் வந்து வண்டியக் கூட்டிட்டுப் போயிரு. உன் கொட்டகையிலயே நிக்கட்டும். வாரம் ஒருக்கா ஓட்டி எனக்கு வீடியோ அனுப்பு. என்கூட வேலை பாக்குறவன் ஒருத்தன் தென்காசியில இதே மாதிரி ஒண்ண வாங்கிப்போட்டுட்டு முழிக்கான். உன் நம்பரைக் குடுத்திருக்கேன்."

எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நேற்றே என்றார்.

நானும் அம்மாவும் பஸ்ஸில் திரும்பினோம். கொட்டாப்புளியைப் பையில் போட்டுக்கொள்ள அம்மா சம்மதிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். கண்டக்டர் எங்களிடம் சில்லறை கேட்காமல் டிக்கெட் கிழித்தார். எங்கள் வீட்டு வாசலில் அப்பா நின்றார். கார் இல்லாமல் நடந்து வருகிற எங்களைப் பார்த்து, லாரியில ஏத்திட்டாரா என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. அம்மா விவரம் சொல்லத் தொடங்கினாள், மறுபடியும் பின்சக்கரத்திலிருந்து.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று நான் முற்றத்துக்கு வந்து பட்டறை முதலாளிக்குப் போன் போட்டேன். என்னம்மா, திங்கக்கிழமையிலேர்ந்து வாரியா என்றார்.

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "இங்க எனக்கு வண்டி வருது. அந்த மேசைக்கு வேற ஆள் பாத்துக்கிடுங்க."