ரப்பர் பால் ஒட்டிய சடை

செலினா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருஷமாகிவிட்டது. அவள் புருஷன் இராயப்பனின் உடம்பு கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தது. மனசு குவைத்தில் இருந்தது. அவள் வந்த பிறகு சிரிப்போம், அவள் வந்த பிறகு ருசித்துச் சாப்பிடுவோம் என்று எல்லாவற்றையும் தள்ளிவைத்திருந்தான். வளர்கிற பிள்ளையை எப்படித் தள்ளிவைப்பது என்று அந்த மனுஷன் யோசிக்கவில்லை.

மகள் மேர்சிக்கு ஏழு வயது. இடுப்பைத் தொடும் முடி. அதை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் செலினா விமானம் ஏறினாள். இராயப்பன் விடியும்போதே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவான். அதனால் மேர்சி பள்ளிக்கூடம் போகிற வழியில் சீப்போடு மரத்தடிக்கு வருவாள். அவன் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு இரட்டைச் சடை பின்னிவிடுவான்.

மரத்தில் கத்தி வைக்கும்போது அவன் கண் அங்கே இங்கே போகாது. கொஞ்சம் ஆழமாக வெட்டினாலும் பட்டை காயப்பட்டுவிடும். மரத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் மகளுக்குக் கிடைக்கவில்லை.

அன்று, செலினா இந்நேரம் எழும்பியிருப்பாளா என்று நினைத்துக்கொண்டே கழுவாத கையால் பின்னிவிட்டான். பிள்ளை என்னவோ சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மத்தியானம் அவள் வீடு திரும்பியபோது ரப்பர் பால் காய்ந்து, சடை இரண்டும் அவிழ்க்க முடியாமல் ஒட்டிக்கிடந்தன. பக்கத்து வீட்டு ஜெயம்மா எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் கத்தரிக்கோலைத்தான் எடுக்கவேண்டி வந்தது.

மேர்சி அழவில்லை. “கை ஒட்டுதுன்னு சொன்னேன்ப்பா. நீங்க கேக்கல” என்றாள்.

இராயப்பன்தான் அழுதான். அழுதுகொண்டே, முடி கட்டையாகிப்போன அந்தத் தலையை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேர்சியையும் கூட்டிக்கொண்டு சந்தியில் முஹ்ஸினின் கடைக்குப் போனான்; அங்கேதான் செலினாவின் டெலிபோன் கோல் வரும். சடையை வெட்டியதை அவன் மறைக்கவில்லை. அவள் வாய் திறப்பதற்குள், பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான்:

“பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்கு செலினா. இப்பதான் பாத்தேன்.”

“எனக்குத் தெரியும்ங்க. சடை பின்னி முடிச்சதும் அங்கதான் முத்தம் குடுப்பேன்.” பிறகு கேட்டாள்: “இப்ப என்ன பண்றா?”

வழக்கமாக “நல்லா இருக்கா” என்று சொல்லிவிடுவான். இன்று திரும்பிப் பார்த்தான்.

“கண்ணாடிப் பெட்டில மூக்க வச்சு இனிப்பு பனிஸ் ரொட்டியப் பாக்குறா. மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கிருச்சு. இப்ப தொடைக்கிறா. இரு, திரும்புறா... என்னயப் பாத்துச் சிரிக்கிறா செலினா.”