கோத்தகிரி மேட்டில் மூன்றாம் கியர்

கருமத்தம்பட்டி மெர்சி ஒன்பது வருடமாக ஒரு ஜப்பான் பெட்ரோல் காரை டாக்ஸியாக ஓட்டியவர். அது ஓய்ந்துபோனதும், மில்காரர் வீட்டு பங்காரம்மாவிடம் டிரைவர் வேலை கேட்டுப் போனார். பங்காரம்மா தன் ஜெர்மன் டீசல் காரின் பின்சீட்டில் சாய்ந்தார்.

“கோத்தகிரிக்கு உடு கண்ணு. நான் தூங்கோணும். எடையில முழிச்சேன்னா உனக்கு வேலை இல்ல.”

மேட்டுப்பாளையம் தாண்டி மலையின் முதல் வளைவில், மெர்சி பழக்கதோஷத்தில் கியரை இறக்கி ஆக்சிலேட்டரை அழுத்தினார். பழைய பெட்ரோல் இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அதன் பவர் வெளியே வரும். இந்த டீசலோ குதித்துப் பாய்ந்தது. பங்காரம்மா விழித்துக்கொண்டார்.

“ஏன் அம்மணி, ஆனை தொரத்துதா?”

“இல்லீங்கம்மா. இது மெதுவா சுத்தறப்பவே இழுக்குதுங்க, எனக்குத் தெரியாமப் போச்சு. இன்னொரு வளைவு குடுங்க.”

“ஒண்ணே ஒண்ணு.” கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வளைவில் மெர்சி மூன்றாம் கியரிலேயே விட்டு, காலை லேசாக வைத்தார். மெதுவாகச் சுற்றும்போதே வரும் அந்த இழுவிசையே போதும். கார் முனகாமல் ஏறியது. என்ன அழகான ஏற்றம்! பின்னால் குறட்டை கேட்டது.

கோத்தகிரியில்தான் பங்காரம்மா எழுந்தார்.

“நாளைக்கு எங்கூட்டு ஜப்பான் வண்டிய எடு. அதுலயும் தூக்கம் வருதான்னு பாத்துப்போட்டுச் சொல்றேன்.”

“அது எனக்கு ஒம்பது வருசப் பழக்கமுங்க. அதுல படுத்தீங்கன்னா ஊட்டி தாண்டித்தானுங்க எந்திரிப்பீங்க,” என்றார் மெர்சி.