சாம்பல் புள்ளி

காக்களூர் எஸ்டேட்டில் ஒரு மாடி ரூமில் உட்கார்ந்துகொண்டு, யார் வண்டி எங்கே இருக்கிறது என்று போனில் சொல்வது என் வேலை. வண்டி வைத்திருப்பவர்கள் எங்களுக்குச் சந்தா கட்டுவார்கள். நாங்கள் வண்டிக்குள் ஒரு சின்னக் கருப்புப் பெட்டியை மாட்டிவிடுவோம். அதற்குப் பிறகு அவர்கள் செல்போன் மேப்பில் அந்த வண்டி ஒரு புள்ளியாக நகரும். முன்பு நான் இரும்பு உருக்குகிற கம்பெனியில் இருந்தேன். முதுகு போய்விட்டது. உடம்பில் உருப்படியாக மிஞ்சியது வாய் ஒன்றுதான் என்பதால் இங்கே சேர்த்துக்கொண்டார்கள்.

"சார், என் டிப்பரு கடலுக்குள்ள நிக்குது! டிரைவருக்கு நீச்சல் கூட தெரியாது!"

"பதறாதண்ணே. மேப்புதான் குளிச்சிக்கினு கீது. வண்டி ரோட்லதான் நிக்கும்."

இப்படித்தான் என் பொழுது போகும். எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. புள்ளி ஏன் பச்சையிலிருந்து சாம்பல் நிறமாக மாறிவிட்டது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வேன். "பச்சைன்னா பெட்டி இப்ப நம்மகிட்ட பேசிக்கினு இருக்குது. சாம்பல்னா சிக்னல் போயிடுச்சு, அது கடைசியா பேசுன எடம். வண்டி அங்க இல்ல. அங்க போய் நின்னுக்கினு தேடாதீங்க."

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒருவர் தினமும் கூப்பிடுவார். இரண்டு லோடு வேன் வைத்திருப்பவர். ஒன்றை அவர் ஓட்டுகிறார், இன்னொன்றை அவர் மகன். "யோவ், என் புள்ள வண்டி எங்கய்யா?" என்றுதான் ஆரம்பிப்பார். நானும் தினமும் சாம்பல் பாடத்தை ஒப்பிப்பேன்.

என் மகளுக்குப் புரோக்கர் ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் வாசலில் நின்று, "வணக்கம், சொல்லுங்க" என்றேன். பழக்கதோஷம். பையனின் அப்பா செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டார்.

"சாம்பல் சார்தானே நீங்க?"

தினமும் கூப்பிடுகிற அதே கும்மிடிப்பூண்டிக் குரல். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு. பையன் அதிகம் பேசவில்லை. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு லோடு அடிக்கிறேன் என்று மட்டும் சொன்னான். என் மகளுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்று அவள் காபித் தம்ளரை நீட்டிய விதத்திலேயே தெரிந்தது. அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான், பையன் குடிக்கக் கூடாது. அதை நான் வாயைத் திறந்து கேட்பதற்குள் பையனின் அப்பாவே சொல்லிவிட்டார்.

"எங்க ஊட்ல யாரும் தொட மாட்டோம் சார். குடிக்கிறவன் ஊட்ல நான் தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டேன்."

அடுத்த வாரம் பூ வைக்க வருவதாகப் பேச்சு. நான் அத்தோடு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

வேலையில் சேர்ந்த அன்றே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்: வண்டிக்காரர் கேட்காமல் அவர் வண்டியை மேப்பில் திறந்து பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். ஆபீஸ் பாத்ரூமில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, மருமகனாகப் போகிறவனின் வண்டியை என் செல்போனில் திறந்தேன். சாயங்காலம் அத்திப்பட்டில் நின்றது. மறுநாளும் அதே இடம், அதே நேரம், வெகுநேரம் அசையவில்லை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒயின் ஷாப் வாசல்.

புள்ளி சாம்பலாகத்தான் இருந்தது. என் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் பக்கத்தில் எழுதியிருந்த கடைப் பெயர் அதைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அத்திப்பட்டுக்குப் போனேன். கடைக்கு எதிரில் நிறுத்திவிட்டு, கர்சீப்பை மூக்கு வரைக்கும் கட்டிக்கொண்டு நின்றேன். அனல் மின் நிலையத்து ஷிப்ட் முடிந்து வந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னாண்ணே, கட்டிங்குக்கு ஆள் தேடுறியா? நான் வரட்டா?" என்றார். பாதி பாட்டிலுக்கு நான் பங்கு தேடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

செல்போனைப் பார்த்தேன். புள்ளி வந்துவிட்டது. நான் நிற்கிற இடத்தில், சரியாக என் செருப்புக்கு அடியில். வேனைக் காணோம்.

அப்போதுதான் உறைத்தது. இந்த இடத்தைத் தாண்டினால் துறைமுகம் வரைக்கும் எங்கள் பெட்டிக்குச் சிக்னல் கிடையாது. பையன் இங்கே நிற்கவே இல்லை. நான் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் என்னைத் தாண்டி, லோடு இறக்க நேராகக் காட்டுப்பள்ளிக்குப் போயிருக்கிறான். அங்கே போய் நின்றுகொண்டு தேடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள், அங்கேயே போய் நின்றுகொண்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கூட்டரைத் திருப்புவதற்குள் பக்கத்தில் ஒரு லோடு வேன் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் பையனின் அப்பா. என் முகத்தையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், இங்க?"

உண்மையைச் சொன்னால் திருடன். பொய் சொன்னால் குடிகாரன். என் வாய் எனக்காகக் காத்திருக்கவில்லை.

"சும்மா, சைட் டிஷ்ஷு நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. "சரி சார்" என்று கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஆபீசுக்குப் போன் செய்யவில்லை. புரோக்கரும் என் போனை எடுக்கவில்லை. பூ வைக்க வருகிற நாளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"இன்னா ஆச்சு அவங்களுக்கு? நீ எதுனா ஜோக்கு அடிச்சியா?" என்றாள் என் மனைவி.

இல்லை என்றேன். மகள் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று போனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும் வரைக்கும் என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஆபீஸ் லைனில் அவர் குரல்.

"சார், ஒரு டவுட்டு. ஒருத்தன் ஒயின் ஷாப் எதிர்ல நிக்கிறான்னு வையி. குடிக்க வந்தானா, சும்மா நின்னானான்னு உங்க மேப்பு சொல்லுமா?"

பக்கத்துச் சீட்டில் இருந்த பெண் தன் கஸ்டமருக்குச் சாம்பல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"சொல்லாதுண்ணே. நான் சொல்றேன். நான் குடிக்க வரல. உங்க பையன் குடிக்கிறானான்னு பாக்க வந்தேன். உங்களக் கேக்காம அவன் வண்டியத் தொறந்து பாத்துட்டேன். புள்ளி அங்க நின்னுச்சு."

"இன்னா கலரு?"

"சாம்பல்."



"தூ" என்றார். அப்புறம், "உன்னச் சொல்லி இன்னா. நானும் தெனம் உன்கிட்ட அவன் எங்க எங்கன்னுதான கேட்டுக்கினு கீறேன். பெத்தவன் நானே சந்தா கட்டிப் பாக்கறேன், நீ ஓசில பாத்துட்ட. அவ்ளோதான்."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"அத என் புள்ளகிட்ட நீயே சொல்லு. அவன் மூஞ்சப் பாத்துச் சொல்லணும். அதுக்கு முன்னாடி அவன் வண்டிப் பெட்டியக் கழட்டிடு. எனக்கு வாணாம்."

சந்தாவை நிறுத்துகிறவரிடம் காரணம் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது.

"அண்ணே… நிறுத்தறதுக்கு காரணம் கேக்கணும். ரூல்ஸு."

"ரூல்ஸு எல்லாம் கூட கீதா உங்ககிட்ட?" என்றார். "நீயே எதுனா போட்டுக்கோ. வெள்ளிக்கெழம பூ வைக்க வர்றோம். ஊட்ல சொல்லிடு, சம்பந்தி."

வைத்துவிட்டார். திரையில் காரணங்கள் வரிசையாக நின்றன: விலை அதிகம், வண்டி விற்றாயிற்று, சேவை சரியில்லை. கடைசியில் இருந்ததை அழுத்தினேன்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "இன்னா சார், சேவை சரியில்லன்னு ஒருத்தர் நிறுத்தியிருக்காரு? யாரால?"

"என்னாலதான் சார்."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தோளையும் தட்டினார். வெள்ளிக்கிழமை நான் போய்ச் சொல்லும்போது பையன் சிரிக்க மாட்டான்.