கரையேறிய விதவை

வோபர்னில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து நூலகத்தில் தமிழ் வாசகர் வட்டம் ஒன்று கூடுவதுண்டு. போன மாரியில், பனி கொட்டும் நாளொன்றில், அதை நடத்துபவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீர்தானே எந்த நேரமும் அந்த வங்காள எழுத்தாளரைப் பற்றிக் கதைக்கிறனீர். அடுத்த கூட்டத்தில அவரின்ரை வாழ்க்கையையும் நாவல்களையும் பற்றி நீரே பேசும்."

மறுக்க மனம் வரவில்லை. பள்ளிக்கூட வயதில் அவருடைய நாவலைத் தமிழில் படித்துவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். காதலித்ததற்காக ஊர் தூற்றும் ஓர் இளம் விதவை, கடைசிப் பக்கத்தில் ஆற்றில் இறங்குவாள். அதோடு கதை முடியும். பிறகு வாழ்க்கையில் எத்தனையோ சாவுகளைக் கண்டேன். அவளுக்கு அழுததுபோல் அழவில்லை.

எங்கள் மாடியிலேயே டாக்காவிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை. என்னை 'ஆபா', அதாவது அக்கா, என்பாள். எங்களுக்குள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். அந்த நாவல் வங்காளத்தில் அவளிடம் இருந்ததால், பேச்சுக்குத் தயாராகும்போது அவளிடம் போனேன்.

"அவள் சாகிற இடத்தை வங்காளத்தில் ஒருமுறை வாசித்துக் காட்டும். ஓசையையாவது கேட்கிறேன்."

"யார் சாகிறது?"

"அந்த விதவை."

அவள் சிரித்துவிட்டாள். "ஆபா, அவள் சாகவே இல்லையே!"

புத்தகத்தை எடுத்துவந்து வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். விதவை ஆற்றில் இறங்குகிறாள், முகத்தைக் கழுவுகிறாள், கரையேறுகிறாள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு அத்தியாயங்கள். தன்னைக் கைவிட்ட காதலன் திரும்பி வந்தும் அவனை வேண்டாம் என்றுவிட்டு, பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கப் போகிறாள்.

தமிழுக்கு அது ஹிந்தி வழியாக வந்த புத்தகம். கத்தரித்தது எந்த மொழிக்காரர் என்று இனி யாரிடம் கேட்பது? கோபப்படக்கூட ஆள் இல்லை.

கூட்டத்தில் இதைத்தான் பேசினேன். பாதியிலேயே முன்வரிசையில் இருந்த அன்ரி ஒருவர் கையை உயர்த்தினார்.

"இதை எங்கையிருந்து கொண்டு வாறீர், பிள்ளை? நாங்கள் எல்லாரும் படிச்சதில அவள் செத்துத்தானே போறாள்."

"அன்ரி, அது அவர் எழுதின முடிவில்லை. மூலத்தில—"

"மூலம் என்னவாயும் இருக்கட்டும். அவள் செத்தால்தான் கதை. பள்ளிக்கூடம் போறதெல்லாம் ஒரு முடிவே?"

சபை சிரித்தது. நடத்துபவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "சரி, சரி. அவர் பிறந்த ஊர், வாங்கின பரிசுகள், அதுகளைச் சொல்லி முடியும். தின்ன வைச்ச ரோல்ஸ் ஆறுது."

சொன்னேன். கை தட்டினார்கள். ரோல்ஸைத் தொடாமல் பனியில் நடந்து வீடு வந்தேன்.

டாக்காக்காரியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. நாவல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த காலத்திலேயே வாசகர்கள் எழுத்தாளரைத் திட்டினார்களாம், விதவைக்குக் கலியாணம் செய்துவை, இல்லாவிட்டால் கொன்றுவிடு என்று. இரண்டையும் அவர் செய்யவில்லை. அந்தப் பத்திரிகை அவருடைய அடுத்த தொடரை வாங்கவில்லையாம். பிழைப்பை இழந்தும் அவர் செய்ய மறுத்த கொலையை, அவர் அறியாத மொழியில் யாரோ செய்து முடித்திருக்கிறார்கள்.

விடுபட்ட அத்தியாயங்களைத் தமிழாக்குவது என்று அன்றே முடிவெடுத்தேன். இப்போது சனிக்கிழமைகளில் அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் எழுதுகிறேன். நத்தை வேகம். இரண்டு பேருடைய ஆங்கிலமும் இடையில் கல்லாகக் கிடக்கிறது. போன கிழமை 'ஓபிமான்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டோம்.

"அது எங்களிடமும் இருக்கிறது. அபிமானம்! பிரியம்தானே?" என்றேன் உற்சாகமாக.

"இல்லவே இல்லை. மிக நெருங்கியவர் நோகடித்தால் வாய் திறக்காமல் உள்ளே வைத்திருப்போமே, அது."

பழைய தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டினேன். 'அவன்மீது அவளுக்கு அபிமானம் பெருகியது' என்றிருந்தது. அவள் நொந்துபோய் நின்ற இடத்தையெல்லாம் அவள் உருகி நின்றதாகவே நான் இவ்வளவு காலமும் படித்திருக்கிறேன்.

முடித்தவரைக்கும் வாசகர் வட்டத்தை நடத்துபவருக்கு அனுப்பினேன். "வடிவாய் இருக்கு. ஆனால் சனம் ஏற்காது" என்றார். ஏற்காவிட்டால் போகட்டும். அந்தச் சொல்லுக்குத்தான் இன்னும் தமிழ் கிடைக்கவில்லை. மனத்தாங்கல் என்று எழுதினேன், வெட்டினேன். ஊடல் என்று எழுதி அதையும் வெட்டினேன்.