பிலோமினா அக்காவின் ‘போட்டாச்சு’

செய்தி வந்தபோது நான் கடையில் யாரோ ஒருவருடைய அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் பிலோமினா அக்காவின் தம்பி. “வசந்தி, அக்கா போயிட்டாங்க. ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிருச்சு. கேக்குதா?” நான் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அவர் மூன்று தடவை “ஹலோ” சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கொட்டகலையில் எங்கள் கொம்யூனிகேஷன் கடைக்கு வந்த எல்லோருக்கும் பிலோமினா அக்காவைத் தெரியும். விண்ணப்பம் டைப் அடித்துக் கொடுப்பார். கதிரையை விட்டு எழும்பவே மாட்டார். திமிர் என்று சிலர் சொன்னார்கள். திமிர் இல்லை, இதயத்தில் வால்வு கெட்டிருந்தது. அவர் வீடு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில்; அங்கே ஏற நூற்றுக்கு மேல் படி. ஏற முடியாததால் இரண்டு வருடமாகக் கடையின் பின்னறையிலேயே இருந்தார். அந்த அறைக்கு ஒரு சன்னல் உண்டு. அதைத் திறந்தால் மண்மேடு.

அந்த அறையில் அவர் போர் விமானம் ஓட்டியது உங்களில் பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில்தான். கேம் என்று சொன்னால் கோபம் வரும். “இது நெசமா ஓட்டுறது புள்ள. சுவிட்ச வரிசையாப் போடாட்டி எஞ்சினே புடிக்காது.” அந்த வரிசையை ஒரு கொப்பியில் தமிழில் எழுதிவைத்திருந்தார். நாற்பத்திரண்டு வரி. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் வாசிக்க ஒரு ஆள் வேண்டும். கடையில் வேறு ஆள் இல்லை.

நான் வகுப்பில் எழும்பி வாசிக்கப் பயந்தே பத்தாம் ஆண்டோடு நின்றவள். கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு என்னை அனுப்ப அம்மா பேசிவைத்திருந்தார். இந்தக் கடை வேலை கிடைத்ததால்தான் அது நின்றது. அதனால் கொப்பியைக் கையில் வாங்கினேன்.

“பெட்டரி” என்று முதல் வரியை வாசித்தேன்.

“கேக்கல.”

“பெட்டரி.”

“கொளுந்து நிறுக்கிறப்ப கணக்கப்பிள்ளை எப்படிக் கத்துவாரு? நீ என்னமோ சாமியார் காதுல பாவசங்கீர்த்தனம் சொல்ற மாதிரி சொல்ற. பிளேன் இன்னும் ஷெட்டுலதான் நிக்குது.”

கத்தினேன். “போட்டாச்சு” என்று பதில் வந்தது. அவருடைய சட்டம் ஒன்றுதான்: பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. ஒருநாள் அவசரத்தில் நான் விமானியின் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடிக்கான வரியைத் தாண்டிவிட்டேன். மூடாமலே ஓடுபாதையில் ஓட, மூடி பிய்த்துக்கொண்டு போனது. அவர் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, நான் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

கொப்பியில் ஒரு வரி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. ஆபத்து வந்தால் விமானி வெளியே பாய்வதற்கான ஆசனத்தைத் தயாராக்கும் வரி. ஏன் என்று கேட்டேன். “பாஞ்சு எங்க போறது? கீழயும் லயந்தான்.”

ஒரு பகல், போர் நடந்த வன்னியிலிருந்து இங்கே கல்யாணம் கட்டி வந்த ஒரு அம்மா படிவம் நிரப்ப வந்தார். பின்னறையில் விமானம் கிளம்பும் சத்தம். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா மேசைக்கு அடியில், காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். எழும்ப மாட்டாத அக்கா அன்று எழும்பி வந்தார். தரையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “மன்னிச்சிருங்கக்கா, அது பொய்ச் சத்தம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அம்மா, “எங்களுக்கு அப்பிடித் தெரியேல்லையே” என்றார். அதற்குப் பிறகு அக்கா ஹெட்போன் இல்லாமல் ஓட்டவில்லை. குண்டு ஏற்றும் வரிகளையும் என்னைக் கொண்டே வெட்டவைத்தார். வெறும் விமானத்தைக் கிளப்பி, மேகத்துக்கு மேலே கொஞ்ச நேரம் சுற்றி, இறக்குவார். கரண்ட் போனால் மறுபடி சன்னலுக்கு வெளியே அந்த மண்மேடுதான்.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய அன்று, வேனுக்குள் கொப்பியை என்னிடம் தந்தார். “சத்தமா வாசிச்சுப் பழகு” என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது.

இப்போது கடை முதலாளி கடையை மூடுகிறார். கொழும்பு வீட்டுக்காரர்கள் மறுபடி ஆள் கேட்டிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை என்று அம்மா என் உடுப்பை மடித்து வைத்துவிட்டார். நேற்று மாலை, அவர் கொளுந்துக் கூடையை இறக்கியதும், “நான் கொழும்புக்குப் போகல” என்றேன்.

“என்னாடி முணுமுணுக்கிற?”

“நான் கொழும்புக்குப் போகலம்மா!”

சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்தார்கள். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

பிலோமினா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தக் கொப்பியும், அந்தச் சத்தமும், அந்தச் சட்டமும்தான். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. நான் அந்த வரியிலேயே நிற்கிறேன், அக்கா.