எட்டு மணி இருட்டு

ஜப்பான்காரன் வந்த பிறகு எங்களுக்கு எட்டு மணிக்கும் விடியாது. தோக்கியோவில் என்ன மணியோ அதையே இங்குள்ள கடிகாரமும் காட்ட வேண்டும் என்று உத்தரவு. சூரியனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கும் முதல் இரண்டு நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது.

மன்னார்குடிப் பக்கத்தில் வெளிச்சம் பார்த்து வயலில் இறங்கியவள் நான். கட்டியவரோடு கப்பலேறி, சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். வெயில் ஏறினால் மரத்தில் பால் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்குப் போய், வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். ஆறே மாதத்தில் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. பிறகு சண்டை வந்தது. ரப்பரை வாங்க ஆளில்லை. ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், என் வீட்டுக்காரரையும் சேர்த்து. துணிக்கோ அப்படியொரு பஞ்சம். ஒரே சேலையை மாமியாரும் மருமகளும் மாற்றிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அப்போதுதான் சிரம்பான் ரஹாங்கில் துணிக்கடை வைத்திருந்த நாகூர் பாயும், தோட்டத்துப் பள்ளி டீச்சரம்மாவின் மாதர் சங்கமும் கூட்டுச் சேர்ந்து, மூடிக் கிடந்த ரப்பர்ப் பால் கொட்டகையில் தையல் வேலை ஆரம்பித்தார்கள். சாக்கும் நூலும் பாயுடையது. மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கு சங்கத்துடையது. சாக்கைச் சட்டையாகத் தைப்பது எங்கள் வேலை. விளக்குக்கு எண்ணெய் கிடையாது. இருந்தும் தினமும் இருட்டில் போய் வரிசையாக நின்றோம். டீச்சரம்மா கதவைத் திறப்பார். விரலைக் குத்திக்கொண்டே தைப்போம்.

என் பக்கத்தில் உட்காருகிறவள் அஞ்சலை, கைப்பிள்ளைக்காரி. "யக்கா, ஒண்ணுமே தெரியலக்கா" என்பாள். "சத்தம் போடாதடி, இருக்கிற வேலயும் போயிடும்" என்று அவளை அடக்கியது நான்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

ஒருநாள் பாய் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார். கழுத்துத் துவாரத்தில் கை தைத்திருந்தது. "இத யாரு போட்டுக்குவா, யானைக்குட்டியா?" எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "நூலு எங்க கெடைக்குது இப்ப? அந்தப் பொண்ணு நாளைக்கு வரவேணாம்லா."

தைத்தது அஞ்சலை. அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அந்தக் கிழங்கைத் தின்றுதான் அவளுக்குப் பால் சுரந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"இருட்டுல வரச் சொல்லிட்டு, தப்பாத் தச்சிட்டாள்னா என்ன நியாயம் டீச்சரம்மா?"

டீச்சரம்மா விழித்தார். "நான் எங்க வரச் சொன்னேன்? நீங்க வந்து நிக்கிறீங்களேன்னு நான்ல தூக்கத்துலேருந்து எழுந்து வந்து கதவத் தொறக்கிறேன்."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. யாரும் கூப்பிடாத பெரட்டுக்குத்தான் அத்தனை நாளும் போயிருக்கிறோம். பாய் சட்டையை மடித்து வைத்தார். "எனக்கு வெளிச்சத்துல தச்ச சட்டை போதும்லா. அந்தப் பொண்ணும் இருக்கட்டும்" என்றார். மறுநாளிலிருந்து விடிந்த பிறகுதான் ஊசியைத் தொட்டோம். அஞ்சலைக்கு வாசலோரம் இடம் கிடைத்தது. அவள் தலைக்குமேல் பிள்ளைக்குச் சாக்கில் ஓர் ஏணைத் தொட்டில்.

சண்டை முடிந்தது. கடிகாரம் பழைய மணிக்குத் திரும்பி வந்தது, என் வீட்டுக்காரர் வரவில்லை. இப்போது சிரம்பான் லோபாக்கில் தையல் வேலை செய்து பிழைக்கிறேன். இன்றும் பெரட்டு நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போய் வாசலில் நிற்கிறேன். பேர் கூப்பிட யாரும் இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வருகிறது. வெளிச்சம் வரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன். இங்கே விடிந்து, நான் ஊசியில் நூல் கோக்கும்போது, மன்னார்குடியில் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும்.