பிய்க்காதே என்று சொன்னேன்

ஜெல் பாலிஷ் போட்டால் நகம் வீணாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முக்கால்வாசி நகங்கள் வீணாவது அதைப் பிய்த்து எடுப்பதால். குமணன்சாவடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சின்னதாக பார்லர் வைத்திருக்கிறேன். இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போகிறது. சொன்னதைக் கேட்காதவர்களில் முதல் ஆள் என் சிநேகிதி.

அடுத்த கட்டடத்தில் அவளுக்குத் தையல் கடை. ஆரி வேலை செய்வாள். சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, கொக்கி ஊசியால் பட்டு நூலை இழுத்து இழுத்துப் பூ வைப்பாள். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள். ஐந்து வேளைத் தொழுகையை விடமாட்டாள். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும். பாலிஷ் இருந்தால் படாது. அதனால் மாதவிலக்கில் தொழுகை இல்லாத நாட்களில் மட்டும் ஆசையாக என்னிடம் வந்து ஜெல் போட்டுக்கொள்வாள். எப்போதும் கறுஞ்சிவப்புதான்.

எடுக்க மட்டும் வரமாட்டாள். "ஊட்ல பாத்துக்குறேன்க்கா" என்பாள்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மகளின் ஜாக்கெட்டுக்குத் தன் கையால்தான் ஆரி போட வேண்டும் என்று சட்டத்தைக் கட்டினாள். ஒரு மத்தியானம் வந்து என் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள். நகங்களில் வெள்ளைத் திட்டுகள். நுனி தாள் தாளாகப் பிரிந்திருந்தது. கட்டைவிரல் நகம் ஓரத்தில் கிழிந்திருந்தது.

"நூலு மாட்டுதுக்கா," என்றாள். "ஒரு பூ போடறதுக்குள்ள நாலு தபா இழுக்குது. பட்டு பிசிறடிச்சுப் போவுது. ஜாக்கெட்டு முடியாது போல கீது."

"இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"பிய்ச்சியா?"

"ஓரத்துல தூக்கிகினு இருந்துச்சு. டிவி பாத்துகினே லைட்டா இழுத்தேன்."

"லைட்டா இழுத்தா இப்டி பேப்பர் மாரி ஆவுமா? பாலிஷோட நகத்தோட மேல் அடுக்கும் உரிஞ்சுகினு வரும்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்? எடுக்கறதுக்கு இங்க வந்தா இன்னா கேடு உனக்கு?"

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கினாள்.

"கீழ மருந்துக்கடைல என் கொழுந்தனாரு ஒக்காந்துகினு கீறாரு. கலரு போட்டுகினு போனா ஆசைக்குன்னு நெனப்பாங்க. ஏறும்போது கலரு, எறங்கும்போது மொட்ட நகம்னா? நான் இன்னிக்கு நாள் முடிஞ்சு குளிச்சுட்டேன்னு அவருக்குத் தெரியணுமா? தெருவுக்கே தெரியணுமா?"

இத்தனை மாதமும் இதற்காகவா நகத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இனிமே நானே உன் ஊட்டுக்கு வந்து எடுத்து உடறேன்," என்றேன். "ஆனா இந்த ஜாக்கெட்டு முடியற வரைக்கும் ஜெல் கெடயாது."

நகங்களை ஒட்ட வெட்டினேன். பிரிந்த நுனியை முன்னும் பின்னும் தேய்க்காமல் ஒரே பக்கமாக ராவினேன். தூங்கும் முன் நகக்கண்ணில் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போடச் சொன்னேன். போடுகிறாளா என்று அவள் சமையலறைக்கே போய்ப் பார்த்தேன். போடவில்லை. திட்டினேன். அடுத்த முறை போனபோது ஒரு கையில் மட்டும் போட்டிருந்தாள். இன்னொன்று எங்கோ தொலைந்துவிட்டதாம். அதற்கும் திட்டினேன். நகம் மெல்ல வளர்ந்தது. கிழிசல் நுனிக்கு வர வர வெட்டிவிட்டேன். நூல் மாட்டுவது நின்றது. ஜாக்கெட்டை முடித்துவிட்டாள்.

முடித்த கையோடு ஆரம்பித்தாள். "அக்கா, கல்யாணத்தன்னிக்கு மட்டும்."

"இப்பதான் நகம் நகமா கீது. சாதா பாலிஷ் போட்டுக்கோ."

"அது காயறதுக்குள்ள நான் பூ வாங்கணும், தட்டு தூக்கணும், பொண்ணுக்குத் துணி மாத்தணும். தேச்சுகினு நிப்பேன். உன் லேம்ப்ல வெச்சா அப்பவே காஞ்சுருதுல்ல. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி எடுத்துடணும், அவ்ளோதான்."

சம்பந்தி வீட்டார் முன்னால் அழகாக நிற்க அவளுக்கு ஆசை. அதை எப்படி மறுப்பது? மெல்லிசாக ஒரே பூச்சு என்று சொல்லிச் சம்மதித்தேன்.

வேலப்பன்சாவடி மண்டபத்தில் கல்யாணம். அவள் காலைத் தொழுகையை முடித்ததுமே போட்டுவிட்டேன். நிக்காஹ் முடிந்து, போட்டோ எல்லாம் எடுத்து முடித்ததும் மணமகள் அறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். மேல் பளபளப்பை மட்டும் லேசாக ராவி, பஞ்சை அசிட்டோனில் நனைத்து வைத்து, பத்து விரலுக்கும் ஃபாயில் பேப்பர் சுற்றினேன். ஊறினால் தானே விட்டுவிடும். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே பந்தி நடந்துகொண்டிருந்தது. அவள் காலையிலிருந்து டீ மட்டும்தான் குடித்திருந்தாள். என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு தட்டில் பிரியாணி வாங்கி வந்து ஊட்டினேன்.

"வெறும் சோறா ஊட்டுற. கறி எங்க?"

"வரும். மெல்லு."

எட்டிப் பார்த்த சம்பந்தியம்மா சிரித்தார். "இன்னா சம்பந்தி, வெரலுக்கெல்லாம் தொப்பி போட்டுகினு கீறீங்க?"

"இந்தக்கா போட்டு உட்டது. கயட்டுனா அடிக்கும்," என்றாள் இவள்.

ஃபாயிலைக் கழற்றினேன். மரக்குச்சியால் தள்ளியதும் நிறம் சுருண்டு விழுந்தது. ஒன்பது விரல் முடிந்தது. கட்டைவிரலில் மட்டும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய இன்னொரு கை தானாக அங்கே போனது.

"கைய எடு."

"டைம் ஆவுதுக்கா. தொழுகை போய்டும்."

"போவாது. இன்னும் கொஞ்சம் ஊறட்டும்."

"ஓரம் தூக்கிகினுதான் கீது."

"நீ இழு. நான் இப்பவே பஸ் ஏறிப் போய்க்கினே இருப்பேன்."

மறுபடி பஞ்சை நனைத்துச் சுற்றினேன். அவள் அந்தக் கையை மடியில் வைத்து, இன்னொரு கையைத் தொடைக்குக் கீழே கொடுத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கண் கடிகாரத்தில். வாயை மட்டும் திறந்து காட்டினாள். நான் கறித்துண்டு வைத்தேன்.

கழற்றியபோது கட்டைவிரலிலும் சுத்தமாக வந்தது. அடியில் நகம் முழுசாக, வழவழவென்று இருந்தது. தடவிப் பார்த்தாள்.

"எண்ணெ?" என்றேன்.

"தொழுதுட்டு வந்து," என்று சோப்பை எடுத்துக்கொண்டு ஒளு செய்ய ஓடினாள்.

திரும்பி வந்து பத்து விரலையும் என் முன்னால் நீட்டினாள். ஒவ்வொரு நகமாக எண்ணெய் தடவினேன்.

"மிச்ச பிரியாணி எங்க?" என்றாள்.

அதை நான் சாப்பிட்டுவிட்டிருந்தேன்.